பத்து மணிக்குள் முடிய வேண்டிய சிரிப்பு

களக்காட்டிற்கும் பத்மநேரிக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் சுடலைமாடன் கோயில் கொடைக்குச் சென்றிருந்தேன். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே நான்கைந்து பீடங்கள், அவற்றின் முன்னே பந்தல், மேற்கே இருளில் கரைந்துகொண்டிருந்த மலை. கணியான் கூத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் விழாக்குழுவினர் ஒருவர் அண்ணாவியைத் தனியே அழைத்துப் பேசியது என் காதில் விழுந்தது. "கதைய மட்டும் பாடுங்க அண்ணாவி. இந்தக் கேலி, கோமாளித்தனமெல்லாம் வேண்டாம். பொம்பளைங்க, பிள்ளைங்க இருக்காங்க. எல்லாரும் போன்ல வேற எடுக்காங்க. பத்து மணிக்கு மைக்க நிறுத்திரணும், பாத்துக்கிடுங்க." அண்ணாவி அறுபதைக் கடந்தவர். "சிரிப்பு இல்லாம மாடன் கதைய எப்படி அண்ணாச்சி நகத்துறது?" என்று கேட்டார். அதற்கு விடை வரவில்லை. அவரும் விடையை எதிர்பார்த்துக் கேட்டவராகத் தோன்றவில்லை.

மறுநாள் இரவு அதே பந்தலில் தொலைக்காட்சியில் முகம் காட்டிய ஒருவரின் பலகுரல் நிகழ்ச்சி. கறுத்த பெண்ணைக் கட்டிக்கொண்டவனின் துயரம், திக்குவாய்க்காரன் கடையில் சாமான் கேட்பது, பெண்ணைப்போல் நடக்கும் ஆண், பருத்த மனைவி. ஒரு மணி நேரம் இவையே மாறி மாறி வந்தன. முந்தைய நாள் யாருடைய செவிகளைக் காக்க வேண்டுமென்று அண்ணாவியின் வாய் கட்டப்பட்டதோ, அதே பெண்களும் பிள்ளைகளும் முன்வரிசையில் அமர்ந்து சிரித்தார்கள். குழுவினர் பொன்னாடை போர்த்தினார்கள். நிகழ்ச்சி மிகச் சரியாகப் பத்து மணிக்கு முடிந்தது.

இந்த இரண்டு இரவுகளையும் எளிதாக விட்டுவிடலாம். ஊருக்கு ஊர் நடப்பதுதான். ஆனால் விழாக்குழுவினரின் இந்தத் தீர்ப்பையே படித்தவர்களும் வேறு சொற்களில் எழுதி வருகிறார்கள் என்பதால் விட மனம் வரவில்லை. தமிழில் நகைச்சுவை உண்டு, ஆனால் நகைச்சுவை நாடகம் என்றொரு வடிவம் கிடையாது. துணுக்கு உண்டு, கட்டமைப்பு இல்லை. நாட்டார் அரங்குகளில் இருப்பது கதையின் இடைவெளிகளை நிரப்பும் கொச்சைப் பேச்சு. உண்மையான இன்பியல் நாடகம் ஆங்கிலம் படித்தவர்கள் மொலியேரையும் ஷேக்ஸ்பியரையும் தழுவி எழுதத் தொடங்கிய பிறகே வந்தது. இப்படி ஒரு வரலாறு நம்மிடையே வழங்குகிறது. இலக்கியக் கூட்டமொன்றில் அண்மையிலும் கேட்டேன். 'கொச்சை' என்று விழாக்குழு சொல்வதும், 'வடிவமற்றது' என்று ஆய்வாளர் சொல்வதும் ஒரே பார்வைதான். இருவருக்கும் நகை என்பது கதையின்மேல் தூவப்படும் பொருள். வேண்டுமென்றால் தூவலாம், வேண்டாமென்றால் தட்டிவிடலாம். அதனால் கதைக்கு ஒன்றும் நேராது.

நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. பொருநைக் கரையிலும் அதன் தெற்கேயும் வளர்ந்த அரங்குகளில் நகை என்பது விதிகளுள்ள வடிவம். யார் சிரிக்க வைக்கலாம், எப்போது, யாரைக் குறித்து, என்ன விலை கொடுத்து என்பனவெல்லாம் அங்கே தீர்மானமானவை. அந்த விதிகளைக் காணத் தெரியாதவர்கள் அதை ஒழுங்கற்றது என்றார்கள், ஒழுங்குபடுத்தப் புறப்பட்டார்கள். விதி போனது. வசை மட்டும் மிஞ்சியது. மறுநாள் மேடையில் நான் கண்டது அந்த மிச்சத்தைத்தான்.

*

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டைச் சொல்லும்போது நகையையே முதலில் வைக்கிறார். அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைக் காட்டுகிறார். இதை மேற்கோளாகச் சொல்லாத நகைச்சுவை ஆய்வு நூல் தமிழில் இல்லை. ஆனால் பேராசிரியர் தம் உரையில் சேர்த்த ஒரு குறிப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறரை எள்ளி நகுவதும் நகை, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும் நகை என்கிறார் அவர். எள்ளலுக்கு இரண்டு திசைகள் உண்டு. வடமொழியில் பரதரும் ஹாஸ்யம் தன்னிடம் பிறப்பது, பிறரிடம் பிறப்பது என்று பிரிக்கிறார். தொல்காப்பியத்தின் செய்யுளியலோ அங்கதத்தையே வெளிப்படையாகச் சொல்லும் செம்பொருள் என்றும், மறைத்துச் சொல்லும் பழிகரப்பு என்றும் பிரித்து வைத்திருக்கிறது. ஆக, எதைச் சொல்லிச் சிரிக்கிறோம் என்பதோடு, யார் யாரை நோக்கிச் சிரிக்கிறார்கள், திறந்தா மறைத்தா என்பதும் நம் இலக்கணத்திற்குள்ளேயே வந்துவிட்ட கேள்விகள்.

பரதர் இன்னொன்றும் செய்தார். சிரிப்பை ஆறாகப் பகுத்து, பல் தெரியாத முறுவலை உயர்ந்தோர்க்கும், தோள் குலுங்கிக் கண்ணீர் வரச் சிரிப்பதைத் தாழ்ந்தோர்க்கும் என்று ஒதுக்கினார். நம் காலத்து நாகரிகர்கள் பரதரைப் படித்திருக்க வேண்டியதில்லை, அந்தப் பங்கீட்டை மட்டும் பிழையின்றிக் கற்றிருக்கிறார்கள். மெல்லிய புன்னகையை வரவழைக்கும் எழுத்து 'உயர்ந்த நகைச்சுவை'. பந்தலில் இருப்பவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டால் அது கொச்சை. கிரேக்கத்தில் ஆண்குறி ஊர்வலங்களின் பாடல்களிலிருந்து பிறந்ததே நகை நாடகம் என்று அரிஸ்டாட்டில் எழுதியதைக் கல்லூரியில் முகம் சுளிக்காமல் பாடம் நடத்துகிறோம். அரிஸ்டோபனீசின் ஆபாசம் நமக்குச் செவ்வியல். மகுடத்தின் முன் நின்று பேசும் கணியானின் ஆபாசம் மட்டும் ஆபாசம்.

கணியான் கூத்தைப் பாராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் வாழும் கணியான் சமூகத்தாரின் கலை அது. பாடிக் கதை நடத்துபவர் அண்ணாவி. உடன்பாடுபவர் ஒருவர், தாளத்துக்கு ஒருவர், மகுடம் என்னும் பறைவகைக் கருவியை அடிக்க இருவர், பெண்வேடமிட்டு ஆடும் ஆண்கள் இருவர். மகுடங்கள் இரண்டிற்கும் ஒலி வேறு. ஒன்று உச்சம், மற்றது மந்தம். சுடலைமாடன் கொடையில் இவர்களுக்குச் சடங்குரிமை உண்டு. இவர்களின்றிக் கொடை நிறைவுறாது என்று கருதும் கோயில்கள் பல.

இக்கூத்தில் சிரிப்பு எங்கே வருகிறது என்று நான் பல இரவுகள் பார்த்திருக்கிறேன். எங்கு வேண்டுமானாலும் வருவதில்லை. மாடன் பிறப்பைப் பாடும்போது வராது. அண்ணாவி கதையை ஓரிடத்தில் நிறுத்தி, பாட்டிலிருந்து பேச்சுக்கு இறங்குவார். அந்த இறக்கமே அனுமதிச் சீட்டு. ஆடுபவர்களில் ஒருவர் அப்போதுதான் வாய் திறப்பார். கேள்வி கேட்பார். தெரிந்ததைத் தெரியாததுபோலக் கேட்பார். அண்ணாவி புராணத் தமிழில் விடை சொல்ல, அதை அவர் களக்காட்டுச் சந்தைத் தமிழில் திருப்பிப் போடுவார். பந்தலில் இருக்கும் பெரியமனிதர் ஒருவரைப் பேர் சொல்லாமல் தொட்டு வருவார். சொன்னது யாரை என்று எல்லோருக்கும் தெரியும், சம்பந்தப்பட்டவருக்கும் தெரியும், ஆனால் அவர் கோபித்துக்கொண்டால் தோற்றவர் ஆவார். பழிகரப்பு அங்கதம் என்பதற்கு நூலில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. அந்த ஆட்டக்காரரே அதிகமும் அடித்துக்கொள்வது தன்னைத்தான்: தன் வேடத்தை, ஒட்டுமுடியை, கிடைக்கப்போகும் கூலியை. பேராசிரியர் சொன்ன இரண்டு திசைகளும் ஒரு மணி நேரத்திற்குள் வந்துவிடும்.

பிறகு நேரம் நெருங்கும். சாமக்கொடை. மகுடத்தின் அடி மாறும். கோமரத்தாடிகளுக்கு அருள் வரும். அப்போது சற்றுமுன் சிரிக்க வைத்த குழுவிலிருந்தே ஒருவர் முன்வந்து தன் கையைக் கீறிக் குருதி சிந்துவார். கைவெட்டு என்று அதற்குப் பெயர். மாடனுக்கான பலி அது. சிரிப்பும் குருதியும் ஏழு பேர் கொண்ட ஒரே குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரைக் கேலி செய்யும் உரிமை அவர்களுக்குச் சும்மா கிடைத்ததன்று; ஊருக்காக இரத்தம் கொடுப்பவர்கள் ஊரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பலகுரல் கலைஞர் எங்களுக்கு எதைக் கொடுத்துவிட்டுத் திக்குவாய்க்காரனைப் பார்த்துச் சிரித்தார்?

கதையை மட்டும் பாடுங்கள் என்று சொன்னவர் இந்த அடுக்கைத்தான் கலைத்தார். அவருக்குத் தெரியாது. சிரிப்பை எடுத்ததும் அச்சம் கனமிழந்தது. மாவிசக்கி கதையின் கொடிய பகுதி அன்று செய்தி வாசிப்பதுபோல் கடந்து போயிற்று. இரவு பத்து மணிக்கு யாருக்கும் அச்சம் வருவதில்லை என்பதும் ஒரு காரணம்.

*

பத்து மணி என்பது சட்டம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. நோயாளிகளையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளையும் எண்ணினால் அந்த விதியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு அவ்விதிகளே இடமளிக்கின்றன என்பது நம் விழாக்குழுக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் யாருக்காகக் கேட்பார்கள்?

சட்டத்திற்கும் சிரிப்புக்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவில் நாடகங்களை ஒடுக்க வந்த 1876ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூண்டியது ஏதோ புரட்சி நாடகம் என்று பலர் எண்ணுகிறார்கள். உடனடிக் காரணம் ஒரு கேலி நாடகம். வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துச் சென்று உபசரித்த கல்கத்தா வழக்கறிஞர் ஒருவரை நையாண்டி செய்த 'கஜதானந்தாவும் யுவராஜாவும்'. ஏகாதிபத்தியம் துன்பியலைப் பொறுத்துக்கொண்டது. தன்னை வரவேற்றவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதைத்தான் பொறுக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு இங்கே 1954இல் வந்த நாடகச் சட்டத்திற்கும் எம்.ஆர். ராதாவின் மேடைக்கும் உள்ள தொடர்பை நாடக வரலாறு அறிந்தவர்கள் அறிவார்கள். ஞாநி தொடுத்த வழக்கில் அச்சட்டத்தின் பிரிவுகள் செல்லா என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அதற்குள் சட்டம் செய்ய வேண்டிய வேலையை விழாக்குழுக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன.

*

வடிவம் இல்லை என்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் நூல் முக்கூடற்பள்ளு. ஆசிரியர் பெயர் தெரியாத நூல். பொருநையோடு சிற்றாறு வந்து கூடும் சீவலப்பேரியே அதன் முக்கூடல். (பாப்பாக்குடிப் பக்கத்து முக்கூடலுக்குப் போய்ப் பள்ளின் ஊரைத் தேடி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.) பாடநூல்களில் இது உழவு இலக்கியம். நெல்வகை, மாட்டுவகை, மீன்வகைப் பட்டியல்களுக்காகவும் ஆற்று வெள்ளத்திற்காகவும் போற்றப்படுவது. இன்னொரு சாரார் இதைப் பண்ணை அடிமை முறையின் ஆவணமாகப் படிக்கிறார்கள். இரண்டு வாசிப்பும் தவறல்ல. ஆனால் இருவருமே இது முதலில் ஒரு நகை நாடகம் என்பதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

கதையைப் பாருங்கள். அழகக் குடும்பனுக்கு இரண்டு மனைவியர். மூத்தவள் முக்கூடலாள், அழகரின் அடியாள். இளையவள் மருதூராள், சிவன் பக்கத்தாள். அவன் இளையவள் வீட்டிலேயே கிடக்கிறான். பண்ணைக்காரன் வருகிறான், பண்ணைக்காரனின் உருவத்தைக் கேலி செய்து அவனை அரங்கிற்குள் கொண்டுவருவது பள்ளு நூல்களின் மரபு. மூத்தவள் முறையிடுகிறாள். குடும்பன் சாக்குகள் சொல்கிறான். தொழுமரத்தில் மாட்டப்படுகிறான். எவள் மாட்டிவிட்டாளோ அவளே போய்க் கெஞ்சி மீட்கிறாள். உழவு தொடங்குகிறது, மாடு முட்டுகிறது, இருவரும் அழுகிறார்கள், எழுகிறான், நட்டு அறுத்துக் களம் காண்கிறார்கள். நெல் பங்கீட்டில் சண்டை மூள்கிறது. சக்களத்திகளின் ஏசல் தெய்வங்களை இழுக்கிறது. ஒருத்தி சிவனின் பிச்சையையும் சுடுகாட்டையும் எடுக்க, மற்றவள் மாலின் வெண்ணெய்த் திருட்டையும் உரலில் கட்டுண்டதையும் எடுக்கிறாள். பிறகு சமாதானம்.

சோம்பேறிக் கணவன், கஞ்ச எசமான், மாட்டிவிட்டு மீட்கும் மனைவி, நோயும் தேறலும், வசைப்போர், இணக்கம். ரோமாபுரியின் பிளாட்டஸ் இதைப் படித்தால் தன் தொழிலைச் சேர்ந்தவன் ஒருவனைக் கண்டுகொண்டிருப்பான். ஆனால் பிளாட்டசிடம் இல்லாத ஒன்று இங்குண்டு. இந்த நாடகத்தில் கோமாளிக் குடும்பத்தின் வேளாண்மைதான் ஊரின் சோறு. எள்ளப்படுகிறவனுடைய பெயரில்தான் நூலின் முழு வளமும் ஓடுகிறது. ஏர் பிடிக்கிறவன், விதையறிந்தவன், மண்ணறிந்தவன் அவன். எள்ளுபவனாக வந்த பண்ணைக்காரனுக்குத் தொழுமரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஏசல் என்ற விதியோ இன்னும் துணிச்சலானது. கோயில் வாசலில் எந்தப் புலவனும் சொல்லத் துணியாததை இரண்டு உழவர் பெண்களின் வாயில் வைத்து, கேட்பவர் சைவராயினும் வைணவராயினும் பாதி நேரம் சிரிக்கவும் பாதி நேரம் சிரிக்கப்படவும் செய்துவிடுகிறது. எள்ளல் ஒரு தரப்பிலேயே தங்கிவிடாமல் பாட்டுக்குப் பாட்டு கைமாறுவதற்கு அந்த அமைப்பே பொறுப்பு.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னைக்கு வந்த கடவுளிடம் மருத்துவப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கப்படுகிறது. யாருடைய ஆயுள் என்பது அங்கே பெரிய சிக்கலாகிவிடுகிறது. இந்தக் குறும்பை மேலை நவீனத்துவத்தோடு மட்டும் இணைத்து எழுதுகிறோம். திருநெல்வேலிக்காரர் ஒருவருக்குக் கடவுளை வழக்கில் நிறுத்த ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய தேவையில்லை என்பதே என் எண்ணம். சீவலப்பேரி போதும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். பள்ளு நூல்கள் ஒரு சமூகத்தின் பெயரையே தலைப்பாக்கி, அச்சமூகத்துப் பெண்களைச் சண்டைக்காரிகளாக மேடையேற்றி, கோயிலிலும் அரண்மனையிலும் இருந்தவர்கள் சிரித்து மகிழப் பாடப்பட்டவை. எழுதியவர்கள் அச்சமூகத்தவர் அல்லர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரை வசையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நூலைத் தள்ளி வைத்தால் அவர்களிடம் அழகியல் பேச எனக்கு உரிமையில்லை. தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயருக்கு 2021இல் நாடாளுமன்றம் சட்ட வடிவம் தந்ததற்குப் பின்னால் நீண்ட மனக்காயத்தின் வரலாறு இருக்கிறது. நான் கேட்பது வேறொன்று. அந்த நூலிலிருந்து நகையைக் கழித்து உழவுப் பட்டியலை மட்டும் பள்ளியில் நடத்தினோமே, அதனால் காயம் ஆறிற்றா? பண்ணைக்காரன்மீது இருந்த கேலியும் தொழுமரத்தின் கொடுமையும் சேர்ந்தல்லவா மறைந்தன? எசமானைச் சிரிப்பிலிருந்து விடுவித்ததுதான் அந்தத் தூய்மைப்படுத்தலின் விளைவு. காயத்தோடு முழு நூலையும் படிப்பதே நேர்மை.

*

குற்றாலக் குறவஞ்சியைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. சுருக்கமாக ஒன்று. வசந்தவல்லி குற்றாலநாதரைக் கண்டு காதலுற்றுத் துவள்கிறாள், குறி கேட்கிறாள். பின்பகுதி முழுவதும் குறி சொன்ன சிங்கியைத் தேடியலையும் சிங்கனுடையது. அவன் அவள் கால் நகைகளைப் பாம்பென்றும் பிறவென்றும் மருண்டு கேட்பதும், அவள் பரிசு வந்த ஊர்களை அடுக்கி விடை சொல்வதும் உச்சக்காட்சி. இறுதியில் கூடுகிறவர்கள் யார்? தெய்வமும் தலைவியும் அல்லர். மேடையில் நம் கண்முன் கூடுகிறவர்கள் குறவனும் குறத்தியும்தான். பேரின்பக் காதல் பாதியில் நிற்க, வேடிக்கைக் காதல் நிறைவடைகிறது. திரிகூடராசப்பக் கவிராயர் இதை அறியாமலா செய்திருப்பார்? நகைப்பகுதியை நீக்கிவிட்டால் குறவஞ்சிக்கு முடிவே இல்லை.

களக்காட்டிலிருந்து சில மைல் தெற்கே திருக்குறுங்குடி. கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் அங்கே கோயிலுக்குள் கைசிக நாடகம் நடக்கிறது. வழக்கொழியும் நிலையில் இருந்ததைப் பேராசிரியர் சே. இராமானுஜமும் அனிதா ரத்னமும் 1999இல் மீட்டெடுத்தார்கள். மிக நல்ல பணி. நம்பாடுவான் என்னும் பாணர் குலத்துப் பக்தரை வழியில் பிரம்மராட்சசன் மறிக்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன் என்று சத்தியம் செய்து போனவர் சொன்னபடி வருகிறார். அதன்பிறகு நடப்பதைக் கவனியுங்கள். உண்ண வந்தவன் உண்ண மறுக்கிறான், உணவாக வந்தவர் உண் என்று வற்புறுத்துகிறார். ராட்சசன் பாடலின் பலனைக் கேட்கிறான். முழு இரவின் பலன் என்று தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் ஒற்றைப் பண்ணின் பலனாவது கொடு என்று இறங்குகிறான். இது பேரம். சந்தையில் கத்தரிக்காய்க்கு நடப்பது. முக்தியைப் பேரத்தில் வைத்த அந்தத் துணிவால்தான் கதை ஆயிரம் முறை கேட்டாலும் அலுப்பதில்லை. ஆனால் இந்நாடகத்தைப் பற்றி எழுதப்படும் பக்தி மிகுந்த கட்டுரைகளில் 'நகை' என்ற சொல்லை நான் கண்டதில்லை. கோயிலுக்குள் இருப்பது என்பதால் அது சிரிப்பாக இருக்க முடியாது என்று முடிவு செய்துவிட்டோம் போலும். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் தன் தலைநகர்க் காபாலிகனையும் பௌத்தப் பிக்குவையும் பாசுபதனையும் நாய் கவ்விப்போன ஒரு மண்டையோட்டுக்காக அடித்துக்கொள்ள வைத்து 'மத்தவிலாசம்' எழுதினான். அரசனுக்கு இருந்த துணிச்சல் அறங்காவலர்க்கு இருப்பதில்லை.

வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். குறுங்குடியில் மீட்புக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள், புரவலர்கள் வந்தார்கள், நாளேடுகள் எழுதின. அதே வட்டாரத்துக் கணியான் கூத்துக்கு எழுத்தில் கிடைப்பது 'அழிந்துவரும் கலை' என்ற அனுதாபம், நேரில் கிடைப்பது பத்து மணிக் கெடு.

*

நகை கதையிலிருந்து கழற்றக்கூடிய பொருளானது எப்போது? இதற்கு ஒரு தேதி குறிக்க முடியாது. தென்மாவட்டத் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமாயணத்திற்குள் நின்றுகொண்டே அன்றைய அரிசி விலையைப் பேசுவார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் கதைக்கு முன்னே வந்துவிடுவான். ஏற்கெனவே பாதி கழன்றுவிட்ட நிலை அது. நாகர்கோவிலின் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டின் கேள்வி பதில் முறையை நன்கறிந்தவர் என்பதால், 'நல்லதம்பி' (1949) படத்துக் கிந்தனார் காலட்சேபத்தில் நந்தனார் கதையின் எலும்புக்கூட்டையே எடுத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்ட சிறுவன் படிப்பைத் தேடிப் போகும் கதையாக்கினார். கேலி அங்கே ஒரு வடிவத்தின்மேல் அமர்ந்திருந்தது. அதற்குப் பின் திரைப்படத்தில் நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதி, தனியாக எடுத்து, கதைக்கு நடுவே செருகும் வழக்கம் நிலைத்தது. 'கரகாட்டக்காரன்' (1989) ஒரு கூத்துக்குழுவைப் பற்றிய படம். அதில் மக்கள் நினைவில் தனியே வாழ்வது வாழைப்பழக் காட்சி. அக்காட்சி நன்றாக இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறேன். ஆனால் அதைப் படத்திலிருந்து கழற்றி எந்தத் தொலைக்காட்சியிலும் ஓட்ட முடிகிறது. அண்ணாவிக்கும் ஆட்டக்காரருக்கும் இடையிலான பேச்சை அப்படிக் கழற்ற முடியாது. கழற்றினால் இரண்டு பக்கமும் இரத்தம் கசியும்.

சென்னைச் சபா மேடை மறுபுறம் கதையைக் கழற்றி எறிந்துவிட்டுத் துணுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டது. துணுக்குத் தோரணம் என்று அன்றே விமர்சகர்கள் அலுத்துக்கொண்டார்கள். நிமிடத்துக்கு இத்தனை சிரிப்பு என்பது அங்கே கணக்கு. சிரிப்பை எண்ணத் தொடங்கியதும் திசையைப் பற்றிய கேள்வி போய்விடுகிறது. வேலைக்காரி, மாமியார், வட்டார வழக்குப் பேசுபவன், எது விரைவில் சிரிப்பைத் தருமோ அதுவே இலக்கு. திருப்பிச் சொல்ல எதிரே ஆளில்லை. ஏசலில் இரண்டு பேர் வேண்டும். துணுக்குக்கு ஒருவர் போதும்.

பெண்வேடக் கேலியிலும் கொடுமை இல்லையா என்று தோழி ஒருவர் என்னைக் கேட்டார். இருக்கிறது. இரட்டைப் பொருள் பேச்சில் பெண்ணுடலே கைப்பொருளாகும் இரவுகளை நானே கண்டிருக்கிறேன். குடிபோதையில் ஆட்டக்காரரைச் சீண்டுபவர்களையும் கண்டிருக்கிறேன். நல்ல அண்ணாவி அப்போது ஒரே சொல்லில் கூட்டத்தைத் திருப்பிப் போடுவார், சாதாரண அண்ணாவி விட்டுவிடுவார். விதி இருப்பதால் எல்லோரும் அதைக் காப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மீறல் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவாவது அங்கே விதி இருக்கிறது. பலகுரல் மேடையில் எதை மீறல் என்பது?

அந்த முதல் இரவைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். விழாக்குழுவினர் சாப்பிடப் போனார்கள். நாற்காலிகளில் இருந்த கூட்டம் பெரும்பாலும் கலைந்தது. சாமக்கொடைக்காகக் காத்திருந்த முப்பது, நாற்பது பேர் மட்டும் மகுடத்தைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தோம். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஒரு பாட்டி ஆட்டக்காரரைப் பார்த்து, "என்னடே, நாக்க அடகு வச்சிட்டியா?" என்றாள். அவர் அண்ணாவியைப் பார்த்தார். அண்ணாவி சாப்பாட்டுப் பந்தலின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பாட்டை நிறுத்திப் பேச்சுக்கு இறங்கினார்.